சுருட்டு நம்முது, சாவி யாருது?

உங்கள் செல்போனுக்கும் அந்தப் பட்டியல் வந்திருக்கும். 'ஆங்கிலத்தின் தாய் தமிழே! ஆதாரம் இதோ!' என்று தலைப்பு. கீழே வரிசையாக எட்டு - எய்ட், காசு - கேஷ், அரிசி - ரைஸ், பேச்சு - ஸ்பீச். (முன்னால் ஒரு 'ஸ்' மட்டும் சேர்த்துக்கொண்டார்களாம்!) கடைசி வரியில் ஒரு மிரட்டல்: 'நீ உண்மைத் தமிழனாக இருந்தால் பத்து பேருக்கு அனுப்பு.'

இந்த வாரம் அந்தப் பட்டியலோடுதான் சண்டை. நடுவில் கோபம் வந்தாலும் கடைசி வரை படித்துவிடுங்கள். அப்புறம் தாராளமாகத் திட்டலாம்.

சண்டைக்கு நான் தேர்ந்தெடுத்த களம் திண்டுக்கல். பிரியாணிக்காக இல்லை. பூட்டும் புகையிலையும் விளைந்த ஊர் அது. இந்த வழக்கில் எனக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒன்று சுருட்டு, இன்னொன்று சாவி.

முதலில் சுருட்டு.

ஆங்கிலத்தில் 'செரூட்' என்றொரு சொல் உண்டு. இரண்டு முனையும் வெட்டித் திறந்திருக்கும் சுருட்டுக்கு அந்தப் பெயர். 'ட்ரிச்சினோபொலி செரூட்' என்று ஒரு காலத்தில் லண்டன் வரை மணத்தது. 1887-ல் வெளியான ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலிலேயே கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளி சுருட்டு என்று சாம்பலைப் பார்த்துத் துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். பெயர் என்னவோ திருச்சிக்குப் போய்விட்டது. அதற்கான புகையிலையில் பெரும் பங்கு திண்டுக்கல் சமவெளியில் விளைந்தது. ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டு ஆலையும் திண்டுக்கல்லில் இருந்தது. வேடசந்தூரில் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் உட்கார்ந்திருப்பதும் சும்மா இல்லை. வின்ஸ்டன் சர்ச்சில் பிடித்தது எங்கள் சுருட்டுதான் என்று திண்டுக்கல்காரர் சொல்வார். இல்லை, எங்களுது என்று உறையூர்காரர் சொல்வார். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் போகவில்லை. புகையிலைக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. அது உடம்புக்குக் கேடு, அவ்வளவுதான். எனக்கு வேண்டியது அந்தச் சொல் மட்டும்.

செரூட் எங்கிருந்து வந்தது? ஆங்கில அகராதிகள் தயங்காமல் சொல்கின்றன: தமிழ்ச் 'சுருட்டு'. 1886-ல் யூலும் பர்னெலும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்கிற ஆங்கிலோ-இந்திய அகராதியும் அதையே சொல்கிறது. 1670-களில் வங்காள விரிகுடாக் கரைகளில் சுற்றித் திரிந்த தாமஸ் பௌரி என்கிற ஆங்கிலக் கப்பல்காரர் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். இங்குள்ள ஏழை ஜனங்கள் புகையிலையை அப்படியே சுருட்டி, ஒரு முனையில் நெருப்பு வைத்து, மறு முனையை உதட்டில் கவ்வி இழுக்கிறார்கள். போர்ச்சுகீசியர்கள் இதை 'செரூட்டா' என்கிறார்கள் என்பது அதன் சாரம். அது ரொம்ப மட்டமான முறை என்று ஒரு முகச்சுளிப்பும் அதில் உண்டு. அந்த மட்டமான பழக்கத்தின் பெயர்தான் பிறகு அவருடைய மொழியின் அகராதியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆக, வழி தெளிவாக இருக்கிறது. தமிழில் சுருட்டு. போர்ச்சுகீசிய வாயில் 'ஷருட்டு'. ஆங்கிலத்தில் செரூட். இன்றைக்கும் லிஸ்பனிலோ ரியோவிலோ போய் 'ஷருட்டு' என்று கேட்டால் சுருட்டு கொடுப்பார்கள். பிரேசிலில் அரிசியும் இறைச்சியும் வைத்துத் திராட்சை இலையில் சுருட்டிய ஒரு பலகாரத்துக்கும் அதே பெயர்தான். இலையைச் சுருட்டுவது என்ற அர்த்தம் பதினையாயிரம் கிலோமீட்டர் தாண்டியும் கலையவில்லை!

'அப்படிப் போடு! நீயே ஒப்புக்கொண்டாயே! பிறகு எதற்குச் சண்டை?' என்று கேட்பீர்கள். பொறுங்கள். இந்தச் சொல்லை நான் நம்புவது காதில் ஒரே மாதிரி ஒலிப்பதால் இல்லை. மூன்று கேள்விகளுக்கு அது நேராகப் பதில் சொல்கிறது, அதனால் நம்புகிறேன்.

முதல் கேள்வி: சொந்த வீட்டில் உனக்குக் குடும்பம் உண்டா? உண்டு. சுருள் என்பது தாய். சுருள்வதைச் செய்வது சுருட்டு. உருள் - உருட்டு, திரள் - திரட்டு மாதிரி. சுருட்டை முடி அதன் தங்கை. பாய் சுருட்டுவது முதல் ஊர்ப் பணத்தைச் சுருட்டுவது வரை நாம் தினமும் புழங்கும் குடும்பம் இது. போர்ச்சுகீசிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பிள்ளைகள் உண்டு. சுருட்டுக் கடைக்கு அதை வைத்தே ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் அம்மா இல்லை. அங்கே அது தத்துப் பிள்ளை.

இரண்டாவது கேள்வி: உன் பழைய முகம் எப்படி இருந்தது? 350 வருடத்துக்கு முந்தைய எழுத்தில் 'செரூட்டா'. பின்னால் போகப் போகத் தமிழுக்குக் கிட்டத்தில் வருகிறது.

மூன்றாவது கேள்வி: யார் தூக்கிக்கொண்டு போனார்கள், எந்தக் கப்பலில்? 1498-ல் கோழிக்கோட்டில் வந்திறங்கிய போர்ச்சுகீசியர்கள். புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு. நாம் அதற்குப் புகையிலை என்று பெயர் வைத்தோம், சுருட்டினோம், சுருட்டிய பெயரை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தோம். மலையாளத்திலும் இது சுருட்டுதான். முதலில் எந்தக் கரையில் அவர்கள் காதில் விழுந்தது என்று அண்ணன் தம்பிக்குள் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

இப்போது இதே மூன்று கேள்விகளை அந்தப் பட்டியலிடம் கேளுங்கள். பட்டியல் திருதிருவென்று முழிக்கும்.

'ஸ்பீச்' வருகிறார். 'அய்யா, உங்கள் பழைய போட்டோ ஒன்று காட்டுங்கள்.' ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அவர் பெயர் 'ஸ்ப்ரேச்'. நடுவில் ஒரு 'ர' இருக்கிறது! ஜெர்மன் அண்ணனிடம் இன்றும் இருக்கிறது: 'ஷ்ப்ராஹ'. நம் பேச்சு, பேசு என்பதில் பிறந்தது. அதில் 'ர' ஏது? பின்னால் போகப் போக நெருங்க வேண்டியவர் விலகிப் போகிறார். ஆள் வேறு.

'எய்ட்' வருகிறார். அவர் எழுத்துக்கு நடுவே இரண்டு ஊமை எழுத்துகள் இருக்கின்றன, கவனித்திருக்கிறீர்களா? ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து வந்த ஒலியின் எலும்புக்கூடு அது. ஜெர்மனில் 'அஹ்ட்', லத்தீனில் 'ஒக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகள். நம்ம எட்டு? எண்பது, எண்ணூறு, எண்திசை என்கிறோமே, அங்கே இருக்கிறது அதன் வேர்: எண். கன்னடத்தில் 'எண்டு', தெலுங்கில் 'எனிமிதி'. மேலே ஒட்டிப் பிறந்தவை மாதிரி தெரிகிற எட்டும் எய்ட்டும் தோண்டினால் ஒன்று வடக்கே போகிறது, ஒன்று தெற்கே போகிறது.

'கேஷ்' இன்னும் சுவாரஸ்யம். ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் இருந்தன. கம்பெனிக் காலத்து மதராஸில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு. அந்தச் சின்னச் செப்புக்காசு கேஷ் சத்தியமாக நம்ம காசு; அதுவும் போர்ச்சுகீசிய வாய் வழியாகப் போனதுதான். ஆனால் கடைக்காரர் 'கேஷா, கார்டா?' என்று கேட்கிறாரே, அந்த கேஷ் வேறு. லத்தீனில் பெட்டிக்கு 'கப்ஸா'. அது இத்தாலி, பிரான்ஸ் வழியாகப் பணப்பெட்டியாகி, பிறகு பெட்டிக்குள் இருந்த பணமே ஆகிவிட்டது. பட்டியல்காரருக்கு உண்மையான காசு தெரியாது. பொய்யான காசைத்தான் பிடித்துத் தொங்குகிறார்.

'இவ்வளவு ஒற்றுமை தற்செயலாக வருமா?' என்பார்கள். வரும் சார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ம்பபரம் என்றொரு பழங்குடி மொழி இருந்தது. அதில் நாய்க்குப் பெயர் என்ன தெரியுமா? டாக்! ஆங்கிலத்தில் இருந்து கடன் வாங்கவில்லை. பக்கத்து மொழிகளில் நாய்க்கு 'குடக'. அது தேய்ந்து தேய்ந்து டாக் ஆனது என்று மொழியியலாளர்கள் நிரூபித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'பேட்' என்றால் கெட்டது. பாரசீகத்தில் 'பத்' என்றாலும் கெட்டது. இரண்டுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. நேர்மாறாக, ஆங்கில 'வீல்', சமஸ்கிருத 'சக்ர' இரண்டும் கூடப்பிறந்தவை. பார்த்தால் தெரிகிறதா? தெரியாது. மொழியில் சாயலை வைத்து உறவு சொல்லக்கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் பூர்வீகம் விசாரிக்கிற நாம், சொல்லுக்கு மட்டும் முகஜாடை போதும் என்கிறோம்!

அடுத்த எதிர்ப்பு இன்னும் காரமாக வரும். 'அகராதி எழுதினது வெள்ளைக்காரன். அவன் தமிழை மறைக்கத்தானே செய்வான்?'

அப்படியானால் செரூட்டை ஏன் மறைக்கவில்லை? கட்டமரானை, கறியை, மிளகுத்தண்ணீரான 'மல்லிகடானி'யை ஏன் மறைக்கவில்லை? இன்னும் ஒன்று கேளுங்கள். இந்திய மொழிகள் எல்லாம் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்ற எண்ணம் ஓங்கியிருந்த காலம். 1816-ல் சென்னைக் கலெக்டர் எல்லிஸ், கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு ஒரு முன்குறிப்பு எழுதினார். தெலுங்கு, கன்னட, தமிழ் வேர்ச்சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவை தனிக் குடும்பம், சமஸ்கிருதத்தில் பிறந்தவை அல்ல என்று காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-ல் வருவதற்கு 40 வருடம் முன்பே! திருக்குறளுக்கு உரை எழுதத் தொடங்கி, முடிக்காமலே 1819-ல் ராமநாதபுரத்தில் செத்துப்போனார். அவர் எழுதி வைத்த தாள்களில் பல மதுரையில் ஒரு துரை வீட்டு அடுப்புக்குப் போனதாக ஒரு பழைய குறிப்பு இருக்கிறது.

தமிழ் தனித்து நிற்கும் மொழி என்று இன்று மேடையில் முழங்குகிறோமே, அதை உலகத்தை ஏற்க வைத்தது வேர் வேராக அடுக்கிய ஆதாரம். 'காதுக்கு ஒரே மாதிரி இருக்கு' என்கிற வாதத்தை எல்லிஸ் ஏற்றிருந்தால், தெலுங்கிலும் தமிழிலும் கொட்டிக் கிடக்கிற வடசொற்களைப் பார்த்துவிட்டு 'ஆமாம், எல்லாம் சமஸ்கிருதம்தான்' என்று போயிருப்பார். நமக்கு விடுதலை வாங்கிக் கொடுத்த அந்த முறையைத்தான் நாம் தூக்கிக் குப்பையில் போடுகிறோம்.

வடக்கே பி.என். ஓக் என்று ஒருவர் இருந்தார். வாட்டிகன் என்பது 'வாடிகா', கிறிஸ்டியானிட்டி என்பது 'கிருஷ்ண நீதி' என்று புத்தகம் புத்தகமாக எழுதினார். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். ஸ்பீச் என்பது 'ஸ்' பேச்சு என்று நாம் எழுதும்போது அவர்கள் சிரிக்க மாட்டார்களா?

இதில் என்ன நஷ்டம், ஏதோ ஒரு சந்தோஷம், விட்டுத்தள்ளுங்களேன் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நஷ்டம் பெரிசு. பத்துப் பொய்க்கு நடுவில் ஒரு உண்மையை வைத்தால் அந்த உண்மையையும் சேர்த்தே தூக்கி எறிவார்கள். இஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில 'ஜிஞ்சர்' லத்தீன் 'ஜிஞ்ஜிபெர்' வழியாக வந்தது. லத்தீனுக்குக் கிரேக்கம் கொடுத்தது, கிரேக்கத்துக்குப் பாலி, பிராகிருதம் கொடுத்தது: 'சிங்கிவேர'. அதற்குள் உட்கார்ந்திருக்கிறது நம் இஞ்சிவேர். சமஸ்கிருதப் பண்டிதர்கள் அதைச் 'சிருங்கவேர' ஆக்கி, மான் கொம்பு மாதிரி உடம்புடையது என்று அர்த்தம் சொன்னார்கள். அதுவும் ஒரு வாட்ஸ்அப் பட்டியல்தான், ரெண்டாயிரம் வருடத்துக்கு முந்தையது! அந்தக் கொம்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இருப்பது திராவிட இஞ்சி என்று காட்டியது ஆராய்ச்சி. எவ்வளவு பெரிய புதையல்! அதை ஸ்பீச்சுக்குக் கீழே ஒன்பதாவது அயிட்டமாகப் போட்டு நாசம் செய்கிறோம். அரிசியும் அப்படித்தான். கிரேக்க 'ஒருசா' அரிசியில் இருந்து வந்தது என்று கால்டுவெல்லே சொன்னார். பின்னால் வந்தவர்கள் பழைய ஈரானிய மொழி வழியைக் காட்டி மறுத்தார்கள். வழக்கு நடக்கிறது என்று சொல்வதில் என்ன குறைச்சல்? தீர்ப்பு வரும் முன்னே இனிப்பு கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

எனக்கு உண்மையான கோபம் இனிமேல்தான்.

நிஜமாகவே நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சுருட்டு. கட்டுமரம். கயிறு. கொப்பரை. கறி. மிளகுத்தண்ணீர். அரசவைப் புலவர் சொல் ஒன்றாவது இருக்கிறதா? எல்லாம் கடலில் நின்றவர், கயிறு திரித்தவர், இலை சுருட்டியவர், சமைத்தவர் வாயில் இருந்து போன சொற்கள். தாமஸ் பௌரி கேட்டது ஏழை ஜனங்களை. உலகத்துக்குப் போன தமிழ் கூலிக்காரத் தமிழ். கூலி என்பதையும் சேர்க்கலாமா? அதற்குத் தமிழ்க் கூலியா, குஜராத்தின் கோலி சாதிப் பெயரா என்று அகராதிகள் இரண்டு பக்கமும் கை காட்டுகின்றன. ஆனால் அந்தப் பெயரோடு கப்பலேற்றப்பட்டவர்களில் நம் ஜனங்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், அதில் சந்தேகமில்லை.

இன்னொரு சொல்லும் போயிருக்கிறது. 'பரையா'. ஒதுக்கப்பட்டவன், தீண்டத்தகாதவன் என்று ஐ.நா. சபைப் பேச்சு வரைக்கும் புழங்குகிற சொல். பறை என்கிற இசைக்கருவியின் பெயரைத் தாங்கிய ஒரு சமூகத்தை நாம் எப்படி நடத்தினோம் என்பதைப் பார்த்துத்தான் வெளிநாட்டான் அந்தப் பெயருக்கு அந்த அர்த்தத்தைக் கொடுத்தான். மூன்று கேள்விக்கும் சுத்தமாகப் பதில் சொல்லும் சொல் இது. சந்தேகமே இல்லாத தமிழ். இதையும் பெருமைப் பட்டியலில் போடுவீர்களா? மாட்டீர்கள். சொல் வரலாறு என்பது பெருமை மட்டும் விற்கிற கடை இல்லை. சில சமயம் அது நம் முகத்துக்கு நேரே பிடித்த கண்ணாடி.

இப்போது இரண்டாவது சாட்சியைக் கூப்பிடுகிறேன். சாவி.

திண்டுக்கல் பூட்டு உலகப் பிரசித்தம். 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. பூட்டு நம்ம சொல். வண்டியில் மாடு பூட்டுவது, நகை பூட்டுவது எல்லாம் அந்தக் குடும்பம். சாவி? போர்ச்சுகீசிய 'ஷாவ்'. ஜன்னல், அலமாரி, ஏலம், மேஸ்திரி, பாதிரி வந்த அதே வழிதான். நம்முடைய திறவுகோலை ஓரமாக வைத்துவிட்டு அதை இடுப்பில் சொருகிக்கொண்டோம். சுருட்டு போன கூட்டத்தோடுதான் சாவி வந்தது. கொடுத்தவன் குறைந்துபோகவில்லை, வாங்கியவன் கெட்டுப்போகவில்லை. திண்டுக்கல் பூட்டைத் திறக்கப் போர்ச்சுகீசியச் சாவி, லிஸ்பன்காரன் வாயில் தமிழ்ச் சுருட்டு. இதுதான் மொழிகள் பிழைக்கிற விதம். வெள்ளைக்காரன் நம்மிடம் சுருட்டியதில் திருப்பிக் கேட்கத் தேவையில்லாதது அவன் சுருட்டிய சொற்கள் மட்டும்தான். எடுத்த பிறகும் அவை நம்மிடம் அப்படியே இருக்கின்றன.

நம்மிடம் இருக்கின்றனவா என்பதுதான் இன்று என் கவலை. இலை பறிப்பதில் இருந்து பதம் போடுவது, சுருட்டுவது வரை ஒவ்வொரு வேலைக்கும், ஒவ்வொரு தரத்துக்கும் அந்தத் தொழிலாளிகளிடம் ஒரு சொல் உண்டு. பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிறவருக்குப் பூட்டின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பெயர் தெரியும். தோல் பதனிடுகிறவர்களிடமும் அப்படித்தான். இந்தத் தொழில்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. அலிகார் பூட்டின் விலையோடு திண்டுக்கல் கைப்பூட்டு மல்லுக்கட்ட முடியவில்லை. பட்டறை மூடும்போது அந்தச் சொற்களும் உள்ளேயே வைத்துப் பூட்டப்படுகின்றன. அவற்றுக்கு எந்தச் சாவியும் கிடையாது.

350 வருடத்துக்கு முன் ஒரு கப்பல்காரர், முகம் சுளித்துக்கொண்டாவது, ஏழைகள் புகைப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். அந்த ஒரு வேலையை நம் ஊர் மனிதர்களுக்கு நாம் செய்தோமா? திண்டுக்கல்காரரே, உங்களைத்தான். அடுத்த முறை அந்தப் பட்டியல் வந்தால் பத்து பேருக்கு அனுப்பாதீர்கள். பக்கத்துத் தெருப் பட்டறைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். 'அய்யா, இதுக்குப் பேரு என்ன?' என்று கேட்டுப் பத்துச் சொல் எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஆங்கிலத்துக்குத் தமிழ்தான் அம்மா என்று நிரூபித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. முதலில் சொந்த அம்மா என்ன பேசினாள் என்று எழுதி வைப்போம்.